எட்டு மணிப் பட்டியல்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை 142/88.

இந்த நோட்டு என் மனைவி ராஜகனி வாங்கிக் கொடுத்தது. தினமும் பிரஷர் அளந்து எழுதிக்கொண்டு வரும்படி இதய டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு எண்ணை மட்டும் எழுதினால் முக்கால் பக்கம் வெறுமனே கிடக்கிறது. இடத்தை வெறுமனே போடுகிறவன் கடை நடத்த முடியாது. மிச்ச இடத்தில் அன்றன்றைய சங்கதியை எழுதிவிடலாம் என்று உத்தேசம்.

முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும் என்றாள். எழுதியிருக்கிறேன்: பால்துரை, வயது 61, ஹூஸ்டன். பெயர் சொன்னால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. அண்ணாச்சி கடை என்றால் நாற்பது மைல் சுற்றளவுக்குத் தெரியும். உணவகத்தில் மாவாட்ட வந்தவன், இருபத்திரண்டு வருஷமாகச் சொந்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். யார் காலிலும் விழுந்து வாங்கியதல்ல.

கடையில் எனக்கும் ராஜகனிக்கும் கீழே ஐந்து பேர். எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அதில் எலாதியோ பழைய ஆள், பதினோரு வருஷம். ஒண்டுராஸ் நாட்டுக்காரன், ஐம்பத்து நாலு வயது. எங்கள் இரண்டு பேர் வாயைப் பார்த்தே தமிழ் பழகியவன். அதனால் அவன் பேசுவது திருநெல்வேலித் தமிழ். கோயம்புத்தூர் வாடிக்கையாளர்கள் அசந்துபோய் நிற்பார்கள்.

இன்று எட்டு மணிக்குப் பட்டியல் அனுப்பியாயிற்று.

பட்டியல் என்பது நானாகக் கண்டுபிடித்த முறை. மறுநாள் என்ன லாரி, மழையா வெயிலா என்று பார்த்து, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இரவு எட்டு மணிவாக்கில் போன் குழுவில் போடுவேன். பேர் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வர வேண்டாம். இதுவரை ஒரு ஆளையும் நான் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. பேரைப் போடாமல் இருப்பேன், அவ்வளவுதான். நாலு நாளில் அவர்களே புரிந்துகொள்வார்கள். போன வருஷம் ரோகேலியோ முதுகு வலி என்று வந்து நின்றபோதும் அப்படித்தான். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

139/86. இட்லி மாவு இருபது டப்பா மிச்சம்.

ஆகஸ்ட் 9, சனி

144/90.

கடை நிறையக் கூட்டம். கூலர் அறையிலிருந்து முருங்கைக்காய்ப் பெட்டி எடுத்து வர எலாதியோவை அனுப்பினால் பத்து நிமிடமாக ஆளைக் காணோம். போய்க் கதவைத் திறந்தேன். கொத்தமல்லிப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான். இடது கையை வலது கையால் பிடித்திருந்தான்.

"என்னவே, பள்ளிகொண்டாச்சா?"

"சூடு அண்ணாச்சி. வெளிய ரொம்பச் சூடு."

வெளியே நூற்று மூன்று டிகிரி. பொய் இல்லை.

"கூட்டம் போன பொறவு உக்காரு. கூட்டம் நிக்கையில உக்காராத."

"சரி அண்ணாச்சி. இந்தா வாரேன் அண்ணாச்சி."

வந்தான். ஆனால் ஒரு பெட்டிதான் தூக்கி வந்தான். முன்பெல்லாம் இரண்டு.

ஆகஸ்ட் 13, புதன்

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய கடை வருகிறது. எட்டு ஊரில் கிளை உள்ளவர்கள். பேனர் கட்டிவிட்டார்கள், செப்டம்பர் பதிமூன்று திறப்பு. உள்ளேயே தோசைக் கடை, பூக்கடை எல்லாம் உண்டாம்.

ஐந்து பேர் நமக்குத் தாங்காது. ஒருவரைக் குறைக்க வேண்டும். யார் என்று யோசித்தால் சமீப காலமாக மெதுவாக வேலை செய்வது ஒரே ஆள்தான். வியாபாரம் என்று வந்துவிட்டால் பதினோரு வருஷம் என்பது ஒரு எண்.

இன்று அளக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அளக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

138/84.

அரிசி இறக்கும்போது எலாதியோ மூட்டையை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டு அதன் மேல் கை ஊன்றி நின்றான். ராஜகனி கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் சொன்னாள்:

"ஏங்க, அவன் நிக்க நிலையப் பாத்தியளா? ரெண்டு வருசத்துக்கு முன்னால நீங்க நின்னிய பாத்துக்கிடுங்க, அப்படியே அச்சு."

"எனக்கு அடைப்பு இருந்துச்சு. அவனுக்குச் சோம்பேறித்தனம்."

"சோம்பேறிக்கு உதடு வெளுக்காது."

பட்டியல் அனுப்பினேன். நாளைக்கு எலாதியோ பேர் போடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றைக்கும் அவன் பேர் போடவில்லை. காலை ஆறு மணிக்குக் கடை திறக்கப் போனால், வண்டி நிறுத்தும் இடத்தில் விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறான். கையில் சாப்பாட்டுப் பை.

"பேரு இல்லல்லா?" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. லாரி சீக்கிரம் வந்தா, ஆள் வேணுமேன்னு. சும்மா நிக்கேன்."

"நேத்தும் நின்னியா?"

தரையைப் பார்த்தான்.

உள்ளே போகச் சொல்லிவிட்டேன். லாரிக்காரன் சீக்கிரம் வரவும் இல்லை. வாழைக்காயை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் இரக்கப்பட்டு உள்ளே விடவில்லை. வாசலில் ஆள் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ராஜகனி இந்த நோட்டைப் புரட்டிவிட்டாள். "நல்ல நாளாப் பாத்துத்தான் எழுதுதியளோ?" என்றாள். நேற்று 164/98. எழுதியாயிற்று, போதுமா.

மத்தியானம் எலாதியோவைப் பின்னறைக்குக் கூப்பிட்டு ரசம் சோறு போட்டாள். என்னையும் உட்கார வைத்தாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"எலாதியோ, நெஞ்சு வலிக்கா?"

"இல்ல அக்கா."

"எங்கிட்ட மழுப்பாத. இவுக நெஞ்சப் பிடிச்சிட்டு நின்னதப் பாத்தவ நான். டாக்டர்ட்ட போவமா?"

கேட்டது அவள். அவன் பார்த்தது என்னை.

"டாக்டர் போனா பேர் போவும் அக்கா."

"எந்தப் பேரு?"

"எட்டு மணி பேர். ரோகேலியோ முதுகு வலின்னு அண்ணாச்சிகிட்டச் சொன்னான். டாக்டர் போனான். பொறவு பேர் வரல. தினம் எட்டு மணி எனக்குப் போன் போடுவான். 'எலாதியோ, என் பேர் இருக்கா?' நான் பாத்துச் சொல்லுவேன், இல்லன்னு. பதினஞ்சு நாள்."

நான் சோற்றைப் பிசைந்தேன். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

"உன் பேரு போவாது. இவுக போடுவாக. நான் சொல்லுதேன்" என்றாள் ராஜகனி. பிறகு என் பக்கம் திரும்பி, "போடுவியல்லா?"

போடுவேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

140/86.

காலையில் எலாதியோவை ஒரு தேவாலயத்துக்காரர்கள் நடத்தும் சின்ன மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கையில் பட்டை கட்டி, இடுப்பில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். அரை மணிக்கொரு தரம் அது தானாகவே பிரஷர் அளக்குமாம், இருபத்து நாலு மணி நேரத்துக்கு. அளக்கும்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். "கனம் தூக்காதே" என்று நர்ஸ் ஸ்பானிஷில் நாலு தடவை சொன்னாள். எனக்கே புரிந்தது.

கடையில் ஒரே வேடிக்கை. கருவி உறுமினால் அசையக்கூடாது. எலாதியோ வெண்டைக்காயைக் கையில் வைத்தபடி சிலையாக நின்றுவிடுவான். ஒரு பாட்டியம்மா பயந்துபோய், "தம்பி, என்னாச்சு?" என்று கேட்க, உதடு மட்டும் அசைத்து, "ஒரு நிமிஷம் அக்கா, மெஷின்" என்றான். பாட்டியம்மாவுக்கு அக்கா என்றதில் பரம சந்தோஷம். இரண்டு கிலோ வெண்டைக்காய் வாங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ராஜகனி தர்பூசணி வெட்டினாள். அபாரமான இனிப்பு. டெக்சாஸ் பழம் டெக்சாஸ் பழம்தான். காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை, எட்டே முக்காலுக்குத்தான் பட்டியல் அனுப்பினேன். ராஜகனிக்குக் கொடுத்த வாக்குப்படி எலாதியோவுக்கு ஆறு மணி லாரி போட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முடிவு வாங்க எலாதியோவுடன் மரிசேலாவும் வந்தாள். மரிசேலா எங்கள் கல்லாவில் நிற்கும் பெண், எல் சால்வதோர் நாட்டுக்காரி, ஆங்கிலம் நன்றாகத் தெரியும். நர்ஸ் பேசியதை எனக்குச் சொன்னாள்.

ஸ்கேனில் இதயத்தின் ஒரு ஓரம் சரியாக அசையவில்லை. ஏற்கெனவே ஒரு சின்ன அட்டாக் வந்து போயிருக்கிறது. எப்போது என்று கேட்டார்கள். எலாதியோ யோசிக்கவே இல்லை. "டிசம்பர். வருஷக் கடைசி சேல்" என்றான். வலி எத்தனை நேரம்? காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை. என்ன செய்தாய்? வேலை செய்தேன்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டா மூட்டைகளை அவன் மெதுவாக அடுக்குகிறான் என்று நாலு பேர் முன்னால் நான் சொன்ன வார்த்தையும் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை.

பிறகு நர்ஸ் பிரஷர் தாளை எடுத்தாள். ஒரு பக்கம் கருவியின் எண். மறுபக்கம் எலாதியோ பென்சிலால் ஸ்பானிஷில் எழுதியது. மரிசேலா ஒவ்வொரு வரியாகத் தமிழும் ஆங்கிலமும் கலந்து படித்தாள்.

மத்தியானம் ஒரு மணி: சாப்பிட்டேன். 138.

மாலை ஏழு: வீடு. உட்கார்ந்திருந்தேன். 156.

ஏழரை: உட்கார்ந்திருந்தேன். போனைப் பார்த்தேன். 171.

எட்டு: உட்கார்ந்திருந்தேன். போனைப் பார்த்தேன். 186.

எட்டரை: போனைப் பார்த்தேன். 193.

ஒன்பது: நாளை ஆறு மணி லாரி. கடவுளுக்கு நன்றி. 151.

அடுத்த நாள் காலை எட்டு: அரிசி. எழுபது மூட்டை. 152.

மூட்டை என்றதும் நர்ஸ் என்னை முறைத்தாள். அது நியாயம். ஆனால் அவளுக்குப் பிடிபடாதது வேறு. எழுபது மூட்டை இறக்கினவனுக்கு 152. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு 193. "எட்டரை மணிக்கு என்ன நடந்தது? வீட்டில் சண்டையா? கெட்ட செய்தியா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றான் எலாதியோ. இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஒண்ணும் இல்ல. மரிசேலா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எட்டரை மணிக்கு நான் தர்பூசணி தின்றுகொண்டிருந்தேன். வேண்டுமானால் முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

அளந்தேன். 170/100.

ராஜகனியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "பதினோரு வருசமாங்க?" என்று மட்டும் கேட்டாள். எத்தனை எட்டு மணி என்று நானும் மனதில் கூட்டிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

பட்டியலை எட்டு மணிக்கு ஏன் வைத்தேன் என்றால், அதற்கு முன்னால் சொன்னால் நாளைக்கு ஆள் தேவையில்லை என்று தெரிந்து வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கடைசி நேரம் வரை கையில் வைத்திருந்தால் எனக்குச் சௌகரியம். இதுதான் உண்மை. சாமர்த்தியம் என்று நானே மெச்சிக்கொண்ட காரியம்.

செப்டம்பர் 4, வியாழன்

148/90.

நாலு வாரத்துக்கான பட்டியலைப் பெரிய தாளில் கையால் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். ஐந்து பேருக்கும். இனிமேல் போனில் பட்டியல் கிடையாது. எலாதியோவுக்கு மூட்டை கிடையாது, காய்கறிப் பக்கம்.

எலாதியோ தாளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். ஒரு விரலால் தன் பேர் வரும் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே போனான்.

"அண்ணாச்சி, அக்டோபர் ஒண்ணு என் பேர் இருக்கு."

"ஆமா."

"மாறாதா?"

"மாத்தணும்னா என் கையெழுத்த நானே அடிக்கணும். அடிப்பனா?"

சிரித்தான். பிறகு சொன்னான்: "அண்ணாச்சி, இது பெரிய கடை திறக்க மாசம். கூட்டம் இல்லன்னா?"

"கூட்டம் இல்லன்னா அது என் தலவலி. உனக்கு எதுக்கு? மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சி."

தாளைப் போனில் படம் எடுத்து ஒண்டுராஸில் இருக்கும் மனைவிக்கு அனுப்பினான். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவன் மாதிரி.

இரக்கப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. பயந்துகொண்டே வேலை செய்கிறவன் நோயை ஒளிப்பான். ஒளித்த நோய் ஒரு நாள் கடை நடுவில் விழும். அது வியாபாரத்துக்கு நல்லதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரோகேலியோவின் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

செப்டம்பர் 13, சனி

பெரிய கடை திறப்பு. சாலை முழுக்க கார். எங்கள் கடையில் மத்தியானம் வரை ஒன்பது பேர். அதில் இருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள்.

158/94.

செப்டம்பர் 18, வியாழன்

வியாபாரம் பாதி. சுவரில் ஒட்டிய தாளுக்கு முன்னால் பேனாவோடு நின்றேன். நாளைக்கு மூன்று பேர் போதும், தாளில் ஐந்து பேர். ராஜகனி பின்னால் வந்து நின்றாள்.

"என்ன, சுவத்துக்குப் பாடம் நடத்துதியளா?"

"ரெண்டு பேர அடிச்சாத்தான் கட்டுப்படி ஆவும்."

"அடிங்க. பேனா இருக்கு, உங்க கையெழுத்துந்தான். யாரு தடுக்கா?"

அடிக்கவில்லை. சும்மா நிற்கிற ஆட்களை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தேன். பெரிய கடையில் எல்லாம் உறைய வைத்த சரக்கு. ஃப்ளோரிடாவில் ஒரு தோட்டக்காரரிடம் வாழைப்பூ, பச்சைச் சுண்டைக்காய், கறிவேப்பிலை வாரம் இரண்டு முறை தரச் சொல்லியிருக்கிறேன். ஆய்ந்து, நறுக்கிக் கொடுக்க ஆள்தான் வேண்டும். ஆள் இருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

146/88.

வாழைப்பூ மூன்று மணி நேரத்தில் தீர்ந்தது. ஒவ்வொரு பூவிலும் இருக்கும் கள்ளனை, அந்த வேகாத நரம்பை, எடுக்க எலாதியோவுக்கு ராஜகனி சொல்லிக் கொடுத்தாள். அவன் இப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் பாடம் எடுக்கிறான். "அக்கா, இத எடுக்கணும். எடுக்கலன்னா வயித்த வலிக்கும்." அவனோடு பேசுவதற்கென்றே வருகிறார்கள். ஒரு அம்மா வீடியோ எடுத்துப் போட்டுவிட்டாளாம், நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

பெரிய கடைக்காரனும் பார்த்திருப்பான். அது இப்போது தோன்றுகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

காலை 144/88.

காலையில் மரிசேலா தயங்கித் தயங்கி வந்து சொன்னாள். பெரிய கடை மேனேஜர் எலாதியோவைக் கூப்பிட்டிருக்கிறான். சம்பளம் கூட. இன்று சாயங்காலம் போய்ப் பேசுகிறான்.

எலாதியோ காய்கறிப் பக்கம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"போறதுன்னா தாராளமாப் போவே. ஆனா சொல்லாமப் போவாத. போன்ல ஒரு வார்த்த போடு."

"சரி அண்ணாச்சி" என்றான். போகவில்லை என்று சொல்லவில்லை. சொல்லுவான் என்று நின்று பார்த்தேன். சொல்லவில்லை. ஒருவன் அதிக சம்பளத்துக்குப் போவதில் தப்பு என்ன? நானும் அப்படித்தான் மாவாட்டும் இடத்தை மாற்றி மாற்றி வந்தவன்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். ராஜகனி பழம் வெட்டி வைத்தாள், கையே போகவில்லை. போனை மேசைமேல் குப்புற வைத்தேன். நிமிர்த்தி வைத்தேன். சத்தம் கூட்டி வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். ஒரு தடவை ஒலித்தது. ஏதோ காப்பீட்டு விளம்பரம்.

"சாப்பிடுதியளா?" என்றாள் ராஜகனி.

"கொஞ்சம் போகட்டும்."

"அவன் வந்தா வாரான், போனாப் போறான். கடையா ஓடிப்போவும்?"

"நான் அவன நெனைக்கவே இல்ல."

"சரி, கையக் காட்டுங்க" என்று பட்டையைக் கட்டினாள். எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால் குரல் செய்தி வந்தது. பின்னால் பஸ் சத்தம்.

"அண்ணாச்சி, எலாதியோ பேசுதேன். நான் அந்தக் கடை போனேன். நல்ல மனுசன். சம்பளம் கூட. நான் கேட்டேன், சார், உங்க சுவத்துல பேப்பர் எங்கன்னு. பேப்பர் இல்லியாம் அண்ணாச்சி. போன்தானாம். தினம் ஒம்பது மணி. நான் சொல்லிட்டேன், வேண்டாம் சார், எனக்கு நெஞ்சு சரியில்லன்னு. நாளைக்கி பேப்பர்ல ஏழு மணி என் பேர். வாரேன். அக்காட்டச் சொல்லுங்க, பூ லாரி வந்தா கள்ளன் நான் எடுக்கேன். நீங்க பிரஷர் பாத்தாச்சா?"

ராஜகனி அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு போடப் போனாள்.

பார்த்தாச்சு எலாதியோ. இந்தா, எழுதுகிறேன், ஒன்றையும் விடாமல்:

எட்டு மணி: உட்கார்ந்திருந்தேன். போனைப் பார்த்தேன். 178.

ஒன்பது மணி: நாளை ஏழு மணிக்கு வருகிறான். 139.